கடல் கடந்து கற்ற வைத்தியர்கள்

வருஷத்திற்கு இரண்டு பருவங்களில், ஜூன் பருவமென்றும் டிசம்பர் பருவமென்றும் பெயரிட்டு, நமது தேசத்தின் பல நகரங்களில் ஒரு பரீட்சை நடைபெற்று வருகிறது. அதை எழுதுவோர் பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ருஷியாவிலும், சீனாவிலும், பிலிப்பைன்ஸிலும், ஜார்ஜியாவிலும், கிர்கிஸ்தானிலும் ஐந்து ஆறு வருஷம் வைத்திய சாஸ்திரம் பயின்று, பட்டமும் பெற்றுத் தாய்நாடு திரும்பிய வாலிபர்களும் யுவதிகளுமே அவர்கள். உற்றாரும் ஊராரும் அவர்களை 'டாக்டர்' என்று அழைக்கின்றனர். சட்டம் மட்டும் அப்படி அழைக்க இன்னும் சம்மதிக்கவில்லை. 'அன்னிய நாட்டு வைத்தியப் பட்டதாரிகள் பரீட்சை' என்ற இந்தத் தேர்வைத் தாண்டினால்தான் ஒரு நோயாளியின் நாடியைத் தொட அவர்களுக்கு உரிமை உண்டாகும். 2023 ஜூன் பருவத்தில் இப்பரீட்சையை எழுதியவர் சுமார் 24,000 பேர். தேறியவர் சுமார் 2,500 பேர். அதாவது நூற்றுக்குப் பத்துப் பேர். பிற பருவங்களில் இந்த எண் இருபது, முப்பது என்று உயர்ந்ததுண்டு. ஆனால் எழுதியவர்களில் பெரும்பாலோர் தோற்றுத் திரும்புவது இப்பரீட்சையின் நிலையான சுபாவமாகவே இருந்து வந்திருக்கிறது.

இப்படிப்பட்ட பரீட்சையே வேண்டாமென்று வாதிப்போரும் உளர். நாம் அந்தக் கட்சியைச் சேர்ந்தவரல்ல. ஜவுளிக் கடைக்காரன் தவறினால் வேஷ்டி கிழியும். வைத்தியன் தவறினால் குடும்பமே கிழிந்துவிடும். எந்த நாட்டில் கற்றவனாயினும், நமது ஜனங்களின் உடம்பைத் தொடும் முன்னர் அவன் தன் தகுதியைக் காட்டியே ஆக வேண்டும். அந்தத் தகுதியை அளந்து பார்ப்பது சர்க்காரின் உரிமை. ஆனால் தகுதிக் குறைவு கண்ட இடத்தில் அதை நிரப்பிக்கொள்ள வழி காட்டுவது அதே சர்க்காரின் கடமை. 2002-ஆம் வருஷம் முதல் அந்த உரிமை தவறாமல் செலுத்தப்பட்டு வருகிறது. கடமையைப் பற்றிய பேச்சே இல்லை. நமது குற்றச்சாட்டு இதுவேயாகும்.

இவ்விஷயத்தில் நமது தேசத்துக்குப் பழைய அனுபவம் உண்டு. இன்றைய வாலிபர்கள் அதை அறிந்திருப்பது நலம். அன்னியர் ஆட்சிக் காலத்தில் நம் சர்வகலாசாலைகளின் வைத்தியப் பட்டங்களுக்கு மதிப்பளிப்பதும் மறுப்பதும் லண்டனிலிருந்த ஜெனரல் மெடிக்கல் கவுன்சிலின் கையில் இருந்தது. 1930-ல் அந்த ஸ்தாபனம் இந்தியப் பட்டங்களை இனி அங்கீகரிக்க இயலாது என்று கைவிரித்தது. பிரசவ வைத்தியத்தில் நம் மாணவர்களுக்குப் போதிய பழக்கம் இல்லை என்பது அது சொன்ன காரணம். தேசாபிமானிகள் கொதித்து எழுந்தனர். நமது கல்வியை அளக்கும் கோல் நம் கையிலேயே இருக்க வேண்டும் என்ற கிளர்ச்சியின் நடுவே, 1933-ல் இந்திய வைத்திய கவுன்சில் சட்டம் பிறந்தது.

அன்று லண்டன்வாசிகள் காட்டிய குறை முற்றிலும் பொய்யன்று. பிரசவங்கள் எல்லாம் வீட்டுத் திண்ணைக்குள்ளே, மருத்துவச்சியின் கையில் நடந்துவந்த தேசத்தில், ஆஸ்பத்திரியில் நின்று கற்கும் மாணவன் எத்தனை பிரசவங்களைக் கண்ணால் பார்த்திருக்க முடியும்? ஆகவே குறை மாணவனுடைய புத்தியில் இல்லை. அவன் கற்ற இடத்தில் இருந்தது. நம் முன்னோர்கள் கிளர்ச்சி செய்ததோடு நிற்காமல், பிரசவ ஆஸ்பத்திரிகளை விருத்தி செய்யவும் முற்பட்டார்கள். குறையைச் சுட்டிக்காட்டுவது வேறு, குறையுள்ளவனைத் தள்ளிவிடுவது வேறு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்த அனுபவம் நம்மை விட்டு அகலவில்லை. பிரிட்டனின் பொது ஆஸ்பத்திரிகளில் இரவும் பகலும் உழைத்து, அந்த நாட்டு ஏழைகளின் உடல்நலத்தைக் காத்துவந்தவர்களில் இந்திய வைத்தியர்கள் ஆயிரக்கணக்கானோர். ஆயினும் 1975-ல் அதே கவுன்சில் இந்தியப் பட்டங்களுக்கு அளித்துவந்த அங்கீகாரத்தை மீண்டும் ரத்துச் செய்து, அன்னிய நாட்டிலிருந்து வருவோருக்குப் புதிய பரீட்சையொன்றை ஏற்படுத்தியது. அன்று அதை அவமானமென்று நாம் சொன்னோம். இன்று நம் சொந்தப் பிள்ளைகளே கடல் கடந்து கற்று வரும்போது, பரீட்சை நடத்தும் ஸ்தானத்தில் நாம் அமர்ந்திருக்கிறோம். நாற்காலி மாறியிருக்கிறது. நமது நடத்தை அதற்கேற்ப உயர்ந்திருக்கிறதா என்பதே கேள்வி.

அப்படி உயர்ந்த நடத்தைக்கும் நம் சரித்திரத்திலேயே சான்று கிடைக்கிறது. 1946-ல் ஸர் ஜோஸப் போர் தலைமையில் அமைந்த கமிட்டி தன் அறிக்கையை வெளியிட்டபோது, பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த வைத்தியர்கள் சுமார் 47,500 பேர். அவர்களில் சுமார் 30,000 பேர் பட்டதாரிகள் அல்லர், 'எல்.எம்.பி.' என்று வழங்கிய லைஸென்ஷியேட்டுகள். 1933-ஆம் வருஷத்துச் சட்டம் இவர்களைத் தள்ளியே வைத்திருந்தது. இருவகை வைத்தியர் இனி வேண்டாம். ஒரே தரமுள்ள பட்டதாரியே வேண்டும் என்று போர் கமிட்டி கூறிற்று. அதன்பின் தேசம் என்ன செய்தது? கிராமங்களில் காலரா காலத்திலும் பிளேக் காலத்திலும் உழைத்த அந்த 30,000 பேரையும் பார்த்து, 'ஒரு பரீட்சை எழுதுங்கள், தோற்றால் வீட்டுக்குப் போங்கள்' என்று சொல்லவில்லை. அவர்களுக்கென்று கல்லூரிகளில் சுருக்கமான எம்.பி.பி.எஸ். வகுப்புகள் ஏற்படுத்தப்பட்டன. விரும்பியோர் அவற்றில் சேர்ந்து, குறைபட்ட பாடங்களைக் கற்று, பரீட்சை எழுதிப் பட்டதாரிகளாயினர். தரமும் தாழவில்லை; உழைத்தவனும் தெருவில் நிற்கவில்லை. ஏழையாயிருந்த இந்தியாவுக்கு அன்று இயன்ற காரியம், இன்றைய இந்தியாவுக்கு இயலாதென்று யார் சொல்ல முடியும்?

இனி இன்றைய பரீட்சையின் சங்கதிக்கு வருவோம். சோவியத் ராஜ்யம் சிதறிய பின், அங்கிருந்த வைத்தியக் கல்லூரிகள் அன்னிய மாணவர்களின் பணத்தை நாடத் தொடங்கின. நம் நாட்டில் இடம் கிடைக்காதோர் அங்கே சென்றனர். திரும்பி வந்தவர்களின் கல்வித் தரம் பற்றிச் சந்தேகங்கள் எழுந்தன. அவற்றின் விளைவாக வைத்திய கவுன்சில் சட்டம் 2001-ல் திருத்தப்பட்டு, 2002-ல் இப்பரீட்சைக்கான விதிகள் வெளிவந்தன. தேசியப் பரீட்சை வாரியம் இதை நடத்துகிறது. மொத்தம் 300 கேள்விகள். 150 கேள்விகள் கொண்ட இரு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் இரண்டரை மணி நேரம். கம்ப்யூட்டர் திரையில் தோன்றும் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தவறான விடைக்கு மார்க்குக் குறைப்பு இல்லை. 300-க்கு 150 வாங்கினால் தேர்ச்சி.

பாதி மார்க்குத்தானே, இதைக்கூட வாங்க முடியாதா என்று வெளியில் இருப்போர் ஏளனம் செய்கின்றனர். விவரத்தைப் பார்த்தால் ஏளனம் அடங்கும். 19 பாடங்களையும் ஒரே நாளில், ஒரே மூச்சில் சோதிக்கும் பரீட்சை இது. முதல் வருஷத்தில் படித்த உடற்கூறு சாஸ்திரத்திலிருந்து 17 கேள்விகள் வரும். அதை அவன் படித்து ஆறு வருஷமாகியிருக்கும். பொது வைத்தியத்துக்கு 33, அறுவைச் சிகிச்சைக்கு 32, பிரசவ வைத்தியத்துக்கு 30 கேள்விகள். சமூக வைத்தியத்துக்கும் 30 கேள்விகள் உண்டு. இந்த முப்பதைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டும். இந்தியக் குழந்தைக்கு எந்த வாரத்தில் எந்தத் தடுப்பூசி போட வேண்டும், க்ஷயரோக ஒழிப்புத் திட்டத்தில் மருந்து முறை யாது, ஆரம்ப சுகாதார நிலையம் எத்தனை ஜனங்களுக்கு ஒன்று என்பன போன்ற விஷயங்கள் இதில் அடங்கும். மணிலாவிலோ மாஸ்கோவிலோ இவற்றை எந்த ஆசிரியர் கற்பிப்பார்? மொத்த மார்க்கில் பத்தில் ஒரு பங்கு, அவன் காதில் ஒருநாளும் விழாத பாடத்திலிருந்து வருகிறது.

நோய்களும் தேசத்துக்குத் தேசம் வேறுபடுகின்றன. கண்ணாடி விரியன் தீண்டியவனையும், எலிக் காய்ச்சல் கண்ட விவசாயியையும், டெங்குவில் இரத்தத் தட்டணுக்கள் குறைந்த சிறுவனையும் குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில் காண்பது அரிது. அவற்றைப் புஸ்தகத்தில் படித்தவன், படுக்கையருகில் நின்று பார்த்தவனாக மாட்டான். பாஷைத் தடையும் இதனோடு சேர்கிறது. வகுப்பறையில் பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். ஆனால் படுக்கையில் கிடக்கும் கிழவி ருஷிய பாஷையிலோ, ஜார்ஜிய பாஷையிலோதான் தன் வலியைச் சொல்லுவாள். அந்தப் பாஷையைத் திருத்தமாகக் கற்காத மாணவன் வைத்தியத்தின் முதல் வேலையாகிய நோயாளியை விசாரிப்பதையே பழகாமல் ஊர் திரும்புகிறான். ஆகவே, பரீட்சையில் தோற்பவர் எல்லோரும் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். சோம்பேறிகளும் இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கானோர் ஒரே வகையாகத் தோற்கும்போது, தனி மனிதனைக் குறை கூறுவதை நிறுத்திவிட்டு வழியைப் பரிசோதிப்பதே அறிவுடைமை.

தோற்றவனுடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதையும் வாசகர்கள் சிந்திக்க வேண்டும். காவிரிப் பாசனத்துச் சிறு நிலக்காரர் ஒருவரை எண்ணிக்கொள்வோம். மகன் நீட் பரீட்சையில் தேறினான். ஆனால் சர்க்கார் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. 2024-ல் அப்பரீட்சையை எழுதினவர் 23 லட்சத்துக்கும் மேற்பட்டவர், தேசமெங்குமுள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்துக்குச் சற்றே கூடுதல். அவற்றில் சுமார் பாதியே சர்க்கார் கல்லூரிகளில் உள்ளவை. நிகர்நிலைக் கல்லூரிகள் பலவற்றில் வருஷத்துக்கு ரூ. 20 லட்சத்துக்கு மேல் கேட்கிறார்கள். அதே தொகையிலோ, அதனினும் சற்று அதிகத்திலோ முழுப் படிப்பையும் அன்னிய நாட்டில் முடித்துவிடலாமென்று ஒரு தரகர் வந்து சொல்லுகிறார். நிலம் அடமானமாகிறது, பாங்கியில் கடன் ஏறுகிறது. ஆறு வருஷம் கழித்து மகன் திரும்புகிறான். பரீட்சையில் 138 மார்க்கு வாங்குகிறான். அடுத்த பரீட்சைக்கு இன்னும் ஆறு மாதம். மறுபடியும் 143. இன்னும் ஆறு மாதம். டெல்லியின் கௌதம் நகரிலோ சென்னையின் ஏதோ ஒரு விடுதியிலோ ஓர் அறைக்குள் அடைபட்டு, கேள்வித் தொகுப்புகளையும் பதிவு செய்யப்பட்ட சொற்பொழிவுகளையும் காசு கொடுத்து வாங்கி, காலை முதல் நள்ளிரவு வரை உருப்போடுகிறான். ஒவ்வொரு தடவைக்கும் பரீட்சைக் கட்டணமே ஆயிரக்கணக்கில் ஆகிறது. வட்டி நிற்பதில்லை. தங்கையின் கல்யாணம் தள்ளிப்போகிறது. ஊருக்கு வந்தால், 'எப்போது ஆஸ்பத்திரி திறக்கப் போகிறாய்?' என்று கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்து, அவன் ஊருக்கே வருவதில்லை.

இதனினும் கொடுமை ஒன்று உண்டு. இந்தக் காத்திருப்புக் காலத்தில் அவன் கை வைத்தியத்தை மறந்துகொண்டே போகிறது. வைத்தியம் நீச்சலைப் போன்றது. கரையில் உட்கார்ந்து படித்துக் கற்பதன்று. இரண்டு வருஷம் அறைக்குள் இருந்து நான்கு விடைகளில் ஒன்றைத் தொடப் பழகியவன், 160 மார்க்கு வாங்கித் தேறிவிடலாம். அவன் கற்றது பரீட்சையையா, வைத்தியத்தையா? 'ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று நம் முன்னோர் சொன்னது, பல நூறு மூலிகைகளைக் கையால் பறித்து, இடித்து, பழகிப் பார்த்தவனே பாதி வைத்தியனாவான் என்ற கருத்திலேதான். கைப்பழக்கமில்லாமல் வைத்தியன் இல்லை. இப்பரீட்சையோ கைப்பழக்கத்தைச் சோதிப்பதே இல்லை. பிரிட்டனில் இன்று அன்னிய நாட்டு வைத்தியர்க்கு நடக்கும் பரீட்சையின் இரண்டாம் பாகத்தில், நோயாளியாக நடிப்பவரை முன்னிறுத்தி, விசாரிக்கும் முறையையும் பரிசோதிக்கும் முறையையும் நேரில் பார்க்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் எழுத்துப் பரீட்சை தேறியவர், குறிப்பிட்ட சில ஆஸ்பத்திரிகளில் மேற்பார்வையின் கீழ் வேலை செய்துகொண்டே தம் திறமையைக் காட்டவும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நமது பரீட்சை மட்டும் விரல் நுனியோடு நின்றுவிடுகிறது.

'உள்நாட்டில் இடம் பெறும் மார்க்கு இல்லாமல், பணத்தைக் கொண்டு அன்னிய நாட்டில் பட்டம் வாங்கியவனுக்கு ஏன் பரிவு காட்ட வேண்டும்?' என்று சிலர் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. மார்க்குக் குறைந்து, கோடி ரூபாய் செலவிட்டு உள்நாட்டுத் தனியார் கல்லூரியில் சேர்ந்தவனும் பணத்தைக் கொண்டே கற்கிறான். அவனுக்கு இந்தப் பரீட்சை இல்லை. தன் சர்வகலாசாலைப் பரீட்சையில் தேறினால் போதும். ஆகவே, அதிகப் பணமுள்ளவன் பரீட்சையின்றி நுழைய, குறைந்த பணமுள்ளவன் வாசலில் நிற்கிறான். இது தரத்தின் பெயரால் நடக்கும் வர்க்க பேதம். இரண்டாவதாக, நாம் கேட்பது தனி மனிதனுக்குப் பரிவு அன்று. ஆறு வருஷம் வைத்தியம் கற்ற ஆயிரக்கணக்கான வாலிபர்களைச் சும்மா உட்கார வைத்திருப்பது தேசத்துக்கு நஷ்டம் என்கிறோம். இரவில் டாக்டர் இல்லாத ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாய்க்கு இந்த நஷ்டத்தின் அளவு தெரியும்.

மற்றொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். இப்பரீட்சையில் தேறாமலே சில ராஜ்ய வைத்திய கவுன்சில்களில் பெயரைப் பதிவு செய்துகொண்டதாக 73 பேர் மீதும், 14 ராஜ்ய கவுன்சில்கள் சம்பந்தமாகவும் 2022 டிசம்பரில் மத்தியப் புலனாய்வு இலாகா வழக்குத் தொடர்ந்தது. இத்தகைய மோசடி உண்மையானால் அதற்குத் தண்டனை கடுமையாகவே இருக்க வேண்டும். ஆனால் நேர்வழி இருளடைந்து கிடக்குமிடத்தில்தான் கள்ளவழிக்குத் தரகர்கள் கிளம்புகிறார்கள் என்பதையும் சர்க்கார் மறக்கலாகாது.

யுத்தமும் நோயும்கூட இவர்களையே தேடி வந்தன. 2020-ல் கொரோனா பரவியபோது சீனாவில் கற்ற மாணவர்கள் நாடு திரும்பினர். 2022 ஆகஸ்டு வரையில் சீன சர்க்கார் அவர்களுக்கு விஸா வழங்கவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைனில் யுத்தம் மூண்டது. ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் எல்லை வரையில் பனியில் நடந்து, சர்க்கார் அனுப்பிய விமானங்களில் திரும்பினர். கர்நாடகத்து மாணவர் ஒருவர் கார்கிவ் நகரில் குண்டுக்கு இரையானார். இறுதி வருஷத்தாருக்கு, இப்பரீட்சையில் தேறினால் ஒரு வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷப் பயிற்சி என்று ஒரு சலுகை செய்யப்பட்டது. அதை நாம் வரவேற்கிறோம். ஏனெனில் அந்த ஏற்பாட்டில் ஒரு தத்துவம் அடங்கியிருக்கிறது: குறைபட்ட கைப்பழக்கத்தை அதிகப் பயிற்சியால் நிரப்பலாம் என்பதே அது. யுத்தத்தில் அகப்பட்டவருக்குப் பொருந்தும் அந்தத் தத்துவம், மற்றவருக்கு ஏன் பொருந்தாது?

விதிகளோ வருஷத்துக்கு வருஷம் இறுகுகின்றன. 2021 நவம்பரில் வெளிவந்த விதிகளின்படி, அன்னிய நாட்டுப் படிப்பு 54 மாதத்துக்குக் குறையலாகாது. ஆங்கிலத்திலேயே நடக்க வேண்டும். அந்நாட்டிலேயே 12 மாதப் பயிற்சியும், பரீட்சை தேறிய பின் இந்தியாவில் மீண்டும் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். இவற்றில் பெரும்பாலானவை நியாயமானவையே. ஆனால் விதியை அறியாமல் கப்பலேறியவன் கதி என்ன? 48 மாதப் படிப்பை 54 என்று சொல்லி ஆள் சேர்க்கும் தரகனை யார் பிடிக்கிறார்கள்? மற்றொன்று: உள்நாட்டில் கற்றவன், வெளிநாட்டில் கற்றவன் இருவருக்கும் பொதுவாக 'நெக்ஸ்ட்' என்ற ஒரே பரீட்சை வரும் என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டம் வாக்களித்தது. எழுத்துப் பரீட்சையோடு கைத்திறப் பரீட்சையும் அதில் அடங்கும் என்பது திட்டம். 2020 செப்டம்பரில் சட்டம் அமுலுக்கு வந்தது முதல் மூன்று வருஷம் கெடு. அக்கெடு கழிந்தது, 2024 செப்டம்பர் வரை நீட்டிய கெடுவும் கழிந்தது. வெளிநாட்டில் கற்றவன் ஒரு நாள் தாமதித்து விண்ணப்பித்தால் அவனுக்கு ஆறு மாதம் போய்விடுகிறது. சர்க்கார் வருஷக்கணக்கில் தாமதித்தால் யாருக்கு என்ன போகிறது?

நாம் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல; பொக்கிஷத்தைக் காலி செய்பவையும் அல்ல.

முதலாவதாக, போகுமுன் உண்மை தெரிய வேண்டும். எந்தக் கல்லூரியில் கற்றவர் எத்தனை பேர் எழுதினர், எத்தனை பேர் தேறினர் என்ற கணக்கைப் பரீட்சை வாரியம் சில தடவைகளில் வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு பரீட்சைக்குப் பின்னும் அது தவறாமல் வெளிவர வேண்டும். அதை ஒவ்வொரு ராஜ்யத்தின் பாஷையிலும் அச்சிட்டு, மேல்நிலைப் பள்ளிகள்தோறும் பலகையில் ஒட்ட வேண்டும். ஒரு தாள் காகிதம் பல நிலங்களை அடமானத்திலிருந்து காப்பாற்றும்.

இரண்டாவதாக, பரீட்சையின் கேள்விகளும் விடைகளும் மறைபொருளாக இருக்கலாகாது. தோற்றவனுக்கு எந்தப் பாடத்தில் எவ்வளவு குறைந்தது என்ற விவரமேனும் தரப்பட வேண்டும். எங்கே சறுக்கினான் என்று அறியாதவன் எப்படி எழுந்து நிற்பான்? கேள்விகளை மூடி மறைப்பதால் லாபமடைவோர், பரீட்சை எழுதினவரின் ஞாபகத்திலிருந்து கேள்விகளைத் திரட்டி விற்கும் வியாபாரிகளே.

மூன்றாவதாக, முன்பு லைஸென்ஷியேட்டுகளுக்குச் செய்ததைப் போல, ஜில்லாத் தலைநகர் ஆஸ்பத்திரிகளிலும் சர்க்கார் கல்லூரிகளிலும் இவர்களுக்கென்று ஆறு மாத நிரப்புப் பயிற்சி ஏற்படுத்த வேண்டும். அவர்கள் சிகிச்சை செய்ய வேண்டாம். மருந்துச் சீட்டு எழுத வேண்டாம். ஆசிரியரின் மேற்பார்வையில் நின்று விசாரிக்கவும், பரிசோதிக்கவும், கிராம சுகாதாரத் திட்டங்களைக் கற்கவும் இடம் கொடுத்தால் போதும். தனியார் பயிற்சி நிலையங்களுக்கு இன்று கொட்டும் பணத்தில் ஒரு பங்கைக் கட்டணமாக வாங்கிக்கொண்டாலும் ஆட்சேபம் சொல்லார்.

நான்காவதாக, தேறியவரைக் காக்க வைக்கலாகாது. ஒவ்வொரு கல்லூரியிலும் அனுமதிக்கப்பட்ட இடங்களுக்கு மேல் நூற்றுக்கு ஏழரை வீதம் பயிற்சி இடம் இவர்களுக்கு உண்டு என்று தேசிய வைத்திய கமிஷன் விதித்தது. பயிற்சிக்குக் கட்டணம் வாங்கலாகாது என்றும் 2022-ல் அறிவித்தது. உள்நாட்டுப் பட்டதாரிக்குச் சமமான உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்பதும் விதியில் உண்டு. எழுதிய விதியை நடத்திக் காட்ட வேண்டியதே பாக்கி.

இனி, பரீட்சைக்குத் தயார் செய்யும் வாலிபர்களுக்கும் ஒரு வார்த்தை. சர்க்கார் செய்யும் வரை காத்திருந்தால் வயது காத்திராது. பரீட்சைக்குத் தயார் செய்ய வேண்டிய நாள், பட்டம் வாங்கிய மறுநாள் அன்று. கல்லூரியில் சேர்ந்த முதல் நாள். அன்னியக் கல்லூரிப் பாடத்தோடு இந்தியக் கல்லூரிகளில் வழங்கும் புஸ்தகங்களையும் வருஷந்தோறும் படித்து வாருங்கள். சமூக வைத்தியத்தைக் கடைசி மாதத்துக்கு ஒதுக்காதீர்கள்; வெளியூரில் கற்றவனை வீழ்த்தும் பாடம் அது. விடுமுறைக்கு வரும்போது, அனுமதி பெற்று, உங்கள் ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் நின்று பாருங்கள். நீங்கள் கற்கும் நாட்டின் பாஷையை அலட்சியம் செய்யாதீர்கள். அங்கே ஒரு நோயாளியோடு பேசப் பழகியவன் இங்கேயும் பேசுவான். தோல்வி கண்டால் அறைக்குள் ஒளியாதீர்கள். நால்வர் ஐவராகச் சேர்ந்து படியுங்கள். வீட்டாரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 143 மார்க்கு மரணமன்று. இன்னும் ஏழு கேள்விகள், அவ்வளவே.

தேச ஊழியர்களுக்கும் இதில் வேலை உண்டு. தாலுகா தோறும் உள்ள வாலிப சங்கங்கள், அன்னிய நாட்டுக் கல்லூரிக்கு ஆள் சேர்க்க வரும் தரகரிடம் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: படிப்பு எத்தனை மாதம்? அந்த நாட்டிலேயே தொழில் செய்ய அந்தப் பட்டம் உரிமை தருமா? அங்கே கற்றவரில் எத்தனை பேர் நம் பரீட்சையில் தேறினர்? பதில் சொல்லத் தடுமாறுபவரை ஊர் எல்லையோடு வழியனுப்பிவிடலாம். சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருப்போரிடமும் இதே விஷயத்தைக் கேட்க வேண்டும். தோற்றவரின் குடும்பங்கள் வெட்கத்தால் வாய் திறவா. அவர்களுக்காகப் பேச வேண்டியது பொது ஜனங்களே.

1930-ல் அன்னியன் நம்மைப் பார்த்து, 'உங்களுக்குப் பழக்கம் போதாது' என்றான். நாம் அழுதுகொண்டு உட்காரவில்லை. பழக்கம் பெற ஆஸ்பத்திரி கட்டினோம், அளவுகோலையும் நம் கைக்கு மாற்றிக்கொண்டோம். அந்த அளவுகோல் இன்று நம் கையில் இருக்கிறது. நம் பிள்ளைகளை அதனால் அளப்போம், கண்டிப்பாகவே அளப்போம். ஆனால் அளந்து, குறைவு கண்டு, கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவது சுயராஜ்ய சர்க்காருக்கு அழகன்று. அடுத்த பருவத்துப் பரீட்சைக்கு ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுக்கப்போகின்றனர். அதற்குள் ஒரே ஒரு ஜில்லா ஆஸ்பத்திரியிலாவது அவர்களுக்கென ஒரு பயிற்சி வகுப்பைத் தொடங்கிக் காட்டட்டும். சர்க்காரின் எண்ணம் வைத்தியர்களை உண்டாக்குவதா, வடிகட்டுவது மட்டுமா என்பது அப்போது ஜனங்களுக்கு விளங்கிவிடும்.